மஞ்சள் அட்டைக்காரிக்கு வராத நோய்

உணவில் சேரும் கொழுப்புக்கும் பெண்களின் மார்பில் வரும் புற்றுநோய்க்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பதற்காக 1978-ஆம் ஆண்டு காரைக்காலில் ஒரு நிலையம் திறந்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, உறவைக் கண்டுபிடிப்பதற்காக. இந்த வித்தியாசம் புரியாமல் ஒருத்தி செத்துப்போனாள். புரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டால், பிழைத்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நிலையம் சந்தைக்குப் பின்னால், முன்பு மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கியிருந்த கிட்டங்கியில் இருந்தது. வாசலில் மூன்று மொழியில் பெயர்ப்பலகை. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம். படத்தின் அடிக்கோட்டில் ஓர் ஆள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கொழுப்பின் அளவு, பக்கக்கோட்டில் அந்த நோயால் சாகும் பெண்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு புள்ளி. புள்ளிகளெல்லாம் கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி கீழிருந்து மேலே வரிசையாகப் போயின. பிரான்சு உயரத்தில் இருந்தது. இந்தியா கீழ் மூலையில் இருந்தது.

படம் பொய்யில்லை. அந்த நாளில் உலகமெங்கும் படித்தவர்கள் அப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நம் நிலையத்தின் இயக்குநர் டாக்டர் திருஞானசம்பந்தம் மட்டும் யோசித்து முடித்துவிட்டார். அவர் புள்ளிவிவரத்தில் டாக்டர். நாடி பிடிக்கிற டாக்டர் அல்ல என்பதைத் திறப்பு விழாவில் அவரே பெருமையாகச் சொன்னார்.

"உலகத்திலேயே இப்படி ஓர் ஊர் கிடையாது" என்று அன்றைக்கு அவர் பேசினார். "ஒரே வெயில், ஒரே தண்ணீர், ஒரே அரிசி. ஆனால் இந்த வீட்டில் பிரெஞ்சுப் பிரஜை, அடுத்த வீட்டில் இந்தியப் பிரஜை. இரண்டு நாட்டுக் கொழுப்பும் ஒரே தெருவில் கிடைப்பது ஆராய்ச்சிக்குப் பெரிய பாக்கியம். பிரெஞ்சுப் பிரஜை ஒரு நாளைக்கு நூற்று நாற்பது கிராம் சாப்பிடுகிறார். இந்தியப் பிரஜை முப்பது கிராம். நாம் யாரையும் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தால் போதும்."

எல்லோரும் கைதட்டினார்கள். காலையில் பழைய சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினார்கள்.

கல்யாணசுந்தரியும் நீலாயதாட்சியும் கூடப்பிறந்தவர்கள். விழிதியூர்க்காரர்கள். மூத்தவளைச் சொல்தா ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். 1962-இல், காரைக்கால் பிரான்சின் கையிலிருந்து இந்தியாவோடு சேர்ந்து, எந்த நாடு வேண்டும் என்று சர்க்கார் கேட்டபோது அந்த மனிதர் பிரான்சு என்று கையெழுத்துப் போட்டார். கல்யாணசுந்தரியும் அன்றிலிருந்து பிரெஞ்சுக்காரி ஆனாள். அவர் காலமான பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டாள். தங்கையின் புருஷன் தெட்சிணாமூர்த்தி கூட்டுறவுச் சங்கத்தில் நெல் எடை போடுகிறவர். ஆக, தங்கை இந்தியா. மூன்று பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய்த் தூக்கு.

பெயர் கொடுக்க அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். எழுதிக்கொண்டவர் ஆர்மான். ஐம்பது வயதைத் தாண்டியவர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நகராட்சியில் எழுத்தராக இருந்து, படிவம் என்றால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடக்கூடாது என்ற ஒழுக்கத்தில் வளர்ந்தவர்.

"மதாம், நீங்க வெண்ணெய் எவ்வளவு சாப்பிடுவீங்க?" என்று கல்யாணசுந்தரியைக் கேட்டார்.

"கிருஷ்ண ஜயந்திக்குச் சாமிக்கு வைக்கிறதுங்க."

"அதுக்கப்புறம் அதை யாரு சாப்பிடுவா?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க."

ஆர்மான் அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு 140 என்று எழுதினார். தங்கைக்கு எதுவும் கேட்காமலே 30 என்று எழுதினார்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதாங்க சாப்பிடுறோம்" என்றாள் நீலாயதாட்சி.

"அது உங்க வீட்டு விஷயம்மா. இது நிலையத்து விஷயம்."

அக்காவுக்கு ரோஸ் நிற அட்டை கிடைத்தது, அதாவது மிகைக்கொழுப்புப் பிரிவு. தங்கைக்கு மஞ்சள் அட்டை, குறைக்கொழுப்புப் பிரிவு. ரோஸ் அட்டைக்காரிகளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரம்மா உம்மு சல்மா வந்து மார்பைத் தொட்டுப் பரிசோதிப்பார். மஞ்சள் அட்டைக்காரிகளுக்கு அது கிடையாது. அவர்களுக்கு நோய் வராது என்று படமே சொல்வதால், வாராவாரம் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். படிவத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. ஆய்வு முடியும்வரை நிலையத்தின் அனுமதி இல்லாமல் வேறெங்கும் பரிசோதனை செய்துகொள்ள மாட்டேன், ஏனென்றால் அது கணக்கைக் கெடுக்கும் என்று. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கேட்கிறார்களே என்ற மரியாதைதான்.

செவ்வாய்க்கிழமை தோறும் ஆர்மான் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளையோடு அவர்கள் அடுப்படிக்கு வருவார். தூக்கில் போன வாரம் இருந்த எண்ணெய், இந்த வாரம் இருக்கும் எண்ணெய், எத்தனை பேர், எத்தனை நாள். கணக்குப் போட்டால் அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்து நாளைக்கு ஐம்பது கிராம் வந்தது. படத்தின்படி நூற்று எழுபது வரவேண்டும். மீதி நூற்றிருபதை எங்கே எழுதுவது என்று ஆர்மான் இயக்குநரிடம் கேட்டார்.

"அளக்கும்போது சிந்தியிருக்கும்" என்றார் டாக்டர் திருஞானசம்பந்தம்.

சிந்தியதற்கு ஒரு கட்டம் போடப்பட்டது. அந்தச் சின்ன அடுப்படியில் வருஷத்துக்கு ஏறக்குறைய நாற்பத்து நாலு கிலோ எண்ணெய் சிந்தியதாக நிலையத்து ஏட்டில் இருக்கிறது. யாரும் வழுக்கி விழுந்ததாக மட்டும் பதிவில்லை.

1980 பங்குனியில் ஒருநாள் குளிக்கும்போது நீலாயதாட்சியின் கையில் அது தட்டுப்பட்டது. இடது பக்கம். ஈரத்தோடு வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்கு இருக்கு. வலியெல்லாம் இல்ல."

கல்யாணசுந்தரி தொட்டுப் பார்த்தாள். பயம் வந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"பயப்படாதடி. இதுக்குன்னேதான நம்ம நிலையம் இருக்கு. நாளைக்கே போவோம்" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகப் பிற்பாடு அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் ஆர்மான் மஞ்சள் படிவத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். எண்ணெய்க்கு, நெய்க்கு, தேங்காய்க்கு, மீனுக்கு, அப்பளம் பொரிப்பதற்குக்கூடக் கட்டம் இருந்தது. கட்டிக்குக் கட்டம் இல்லை.

"ரோஸ் படிவத்துல இருக்கும்மா. மஞ்சள்ல போடல" என்றார். அவருக்கே அது சங்கடமாக இருந்தது. எழுந்து போய் இயக்குநரைக் கூட்டி வந்தார்.

டாக்டர் திருஞானசம்பந்தம் கெட்ட மனிதர் அல்ல. யார் வந்தாலும் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். நீலாயதாட்சியையும் உட்காரவைத்து, படத்தின் கீழ் மூலையைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"உங்களுக்கு முப்பது கிராம். அப்ப நீங்க இங்க இருக்கீங்க. இங்க இருக்கிறவங்களுக்கு அது வர்றது ரொம்ப அபூர்வம்."

"கட்டி இருக்குங்களே."

"இருக்கலாம்மா. நான் இல்லைன்னு சொல்லல. எதிர்பார்க்கலைன்னு சொல்றேன்."

"டாக்டரம்மா ஒருதரம் தொட்டுப் பாத்தாங்கன்னா மனசு ஆறிரும்."

"தொட்டுப் பார்த்து ஏதாவது இருந்துட்டா?" என்று இயக்குநர் நிஜமாகவே கவலையோடு கேட்டார். "மஞ்சள் பிரிவுல ஒரு கேஸ் வந்தா இந்தியாவோட புள்ளி நகரும். ஒரு பொம்பளைக்காக ஒரு தேசத்தை நகர்த்தலாமா, நீங்களே சொல்லுங்க."

அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று நீலாயதாட்சிக்குப் பட்டது. "கூடாதுங்க" என்றாள். திரும்பும் வழியில் இரண்டு முழம் கதம்பம் வாங்கினாள். தனக்கு அந்த நோய் இல்லை என்று இவ்வளவு படித்தவர் சொல்லிவிட்டாரே என்ற சந்தோஷம் அவளுக்கு.

கட்டிக்குப் படம் காட்ட முடியாததால் அது வளர்ந்தது. ஆனி மாதம் அவள் இரண்டாம் முறை போனாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தெட்சிணாமூர்த்தி எழுதிக் கொடுத்தார். ஏழு வாரம் கழித்து, விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், அதுவரை வழக்கமான உணவையே உட்கொள்ளும்படியும் கடிதம் வந்தது.

"பேசாம பாண்டிச்சேரிக்குப் போயிடுவோம்" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. நாம பாட்டுக்குப் போயி, அவங்க கணக்கு கெட்டுப்போச்சுன்னா?" என்றாள் நீலாயதாட்சி. வாழ்க்கையில் அவள் கையெழுத்துப் போட்டது அந்த ஒரே இடத்தில்தான். கல்யாணத்தில்கூட யாரும் அவளிடம் கையெழுத்து வாங்கவில்லை.

மூன்றாம் முறை தெட்சிணாமூர்த்தியும் அக்காவும் கூடப் போனார்கள். அக்கா வேறு விதமாகக் கேட்டாள். தங்கையை ரோஸ் பிரிவுக்கு மாற்ற வழியுண்டா என்று. இயக்குநர் அந்தக் கேள்வியை மிகவும் ரசித்தார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பிரெஞ்சுப் பிரஜை ஆகணும். அதுக்கு இவங்க வீட்டுக்காரர் அறுபத்திரண்டுல கையெழுத்துப் போட்டிருக்கணும். அன்னைக்குப் போட்டிருந்தா இன்னைக்கு டாக்டரம்மா பார்த்திருப்பாங்க. நாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஜனங்க இதையெல்லாம் யோசிக்கிறதில்லை."

தெட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். இந்தியாவில் இருப்போம் என்று பதினெட்டு வருஷத்துக்கு முன் முடிவு செய்ததற்காக அன்றைக்கு அந்த மனிதர் பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டார்.

"ரெண்டாவது வழி?" என்றாள் கல்யாணசுந்தரி.

"மூணு மாசம் தினமும் நூத்தி நாப்பது கிராம் சாப்பிட்டுக் காட்டணும். எங்க ஆள் வந்து அளப்பார்."

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அந்த வீட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தெட்சிணாமூர்த்தி டின் டின்னாக வெண்ணெய் வாங்கி வந்தார். கல்யாணசுந்தரி அதைக் காய்ச்சி, சோற்றில் நெய்யைக் குளம் கட்டி, கையால் உருட்டித் தங்கைக்கு ஊட்டினாள். காலையில் நெய், மத்தியானம் நெய், ராத்திரி பாலில் மிதக்கும் நெய். ஏற்கெனவே சாப்பாடு இறங்காத உடம்பு அது. நாலு உருண்டை உள்ளே போனால் இரண்டு வெளியே வந்தது.

"போதும்க்கா, கொமட்டுது."

"இன்னும் ரெண்டே உருண்டை. டாக்டரம்மாவுக்காகச் சாப்பிடு."

ஆர்மான் எதிரே மணையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார். ஒருநாளும் தொண்ணூறு கிராமுக்கு மேல் அவள் வயிற்றில் நிற்கவில்லை. ஆர்மான் தினமும் 140 என்று எழுதினார். அந்த நிலையத்தில் அவர் எழுதிய முதல் பொய் அதுதான். அதற்கு முன்பு எழுதியதெல்லாம் விதிப்படி எழுதியது.

தை மாதம் குழு கூடியது. நீலாயதாட்சியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். ஓர் உறுப்பினர் நெய்யும் வெண்ணெயும் ஒரே கொழுப்பா என்று கேட்டார். இன்னொருவர், விண்ணப்பதாரர் கொழுப்பை விரும்பிச் சாப்பிட்டாரா அல்லது ஒரு நோக்கத்தோடு சாப்பிட்டாரா, ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்கள் விரும்பியல்லவா சாப்பிடுகிறார்கள் என்றார். டீ வந்தது. கடைசியில் இயக்குநர் வெளியே வந்து, முகம் மலர, தீர்மானத்தை வாசித்தார்.

"விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கொழுப்பு ஒருவர் உடலில் தன் விளைவைக் காட்டச் சுமார் இருபது ஆண்டுகள் ஆகும் என்பதால், நீலாயதாட்சி அம்மாள் 2001-ஆம் ஆண்டு தை மாதம் முதல் மிகைக்கொழுப்புப் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்படுவார்."

"அப்ப டாக்டரம்மா பார்ப்பாங்களா?" என்று கேட்டாள் நீலாயதாட்சி.

"கட்டாயம் பார்ப்பாங்க" என்றார் இயக்குநர்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கல்யாணசுந்தரி தன் ரோஸ் அட்டையை எடுத்துத் தங்கையின் முந்தானையில் முடிந்துவிட்டாள். "அடுத்த வியாழக்கிழமை என் முறை. நீ போ. யாராவது பேரைக் கேட்டா கல்யாணசுந்தரின்னு சொல்லு." சின்னதுக்கும் பயப்படுகிற பெண் நீலாயதாட்சி. அந்த வியாழக்கிழமை அக்காவின் பெயரில் போய் வரிசையில் நின்றாள்.

டாக்டரம்மா உம்மு சல்மா திருமலைராயன்பட்டினத்துக்காரர். இரண்டு வருஷமாகக் கல்யாணசுந்தரியைப் பரிசோதித்தவர். அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். திரையை இழுத்துவிட்டார். கையை வைத்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. அக்குளிலும் விரலை வைத்துப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கும்மா?"

"பதினோரு மாசங்க."

"ஏம்மா இத்தனை நாளா வரல?"

"வந்தேங்க. நாலு தடவை வந்தேன்."

டாக்டரம்மா திரையை விலக்கிக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார். அவர் குரல் வாசல்வரை கேட்டது.

"அந்தப் பொம்பளை ஒரு வருஷமா இந்த வாசல்ல நின்னிருக்கா. உங்க யாருக்கும் கை இல்லையா?"

"டாக்டர், அட்டை எந்த நிறம்?" என்று கேட்டார் இயக்குநர்.

"ரோஸ். ஆனா அது அவ அட்டை இல்ல, அவ அக்காவோடது. குறிப்புல எழுதியிருக்கேன்."

"குறிப்புக் கட்டம் கணக்குல சேராது" என்றார் அவர். அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அது சந்தோஷ நடுக்கம். இரண்டரை வருஷத்தில் மிகைக்கொழுப்புப் பிரிவில் வந்த முதல் கேஸ் அது.

உம்மு சல்மா அன்றைக்கே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, தானே பஸ் ஏற்றிவிட்டார். அதோடு நிலையத்து வேலையையும் விட்டுவிட்டார். மார்பை எடுத்தார்கள். ஆனால் அது அங்கேயே நின்றிருக்கவில்லை, எலும்புக்குப் போயிருந்தது. பங்குனியிலேயே வந்திருந்தால் என்று அங்கிருந்த பெரிய டாக்டர் ஆரம்பித்து, தெட்சிணாமூர்த்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்லவில்லை.

நீலாயதாட்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளில் நிலையத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கல்யாணசுந்தரிக்கு அழைப்பு வந்தது. பெயர்க் குழப்பத்தைத் திருத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கே போனாள். அவளை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தினார்கள்.

"இரண்டரை வருஷமாக நாங்கள் காத்திருந்த கட்டி இது" என்று டாக்டர் திருஞானசம்பந்தம் பேசினார். "வருமா, வராமலே போய்விடுமா என்று பல இரவுகள் நான் தூங்கவில்லை. சரியான பிரிவில் வந்திருக்கிறது. பிரான்சின் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடும் நோய் வந்தும் இந்த அம்மாள் எவ்வளவு திடமாக மேடையில் நிற்கிறார் பாருங்கள். அறிவியலுக்காகத் தம்மைத் தந்தவர்களுக்கு வருகிற தெம்பு அது."

"ஐயா, எனக்கு ஒண்ணும் இல்லீங்க. என் தங்கச்சிக்குத்தான்" என்றாள் கல்யாணசுந்தரி. அதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. அடக்கம் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தட்டினார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் நீலாயதாட்சி போய்ச் சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது. கடைசி நாட்களில் முதுகு வலி தாங்காமல் துடிக்கும்போதுகூட, "அக்கா, அவங்க கணக்கு கெட்டுடுச்சோ?" என்று ஒருதடவை கேட்டாள். அக்கா இல்லை என்று சொன்னாள். அது உண்மைதான். கணக்குக்கு ஒரு சேதமும் இல்லை.

மஞ்சள் அட்டையை மூட வேண்டியிருந்தது. மூடுவதற்கான காரணங்கள் அச்சடித்திருந்தன: ஊர் மாறினார், உணவு மாறினார், ஒத்துழைக்க மறுத்தார். மஞ்சள் பிரிவில் யாராவது சாவார்கள் என்று யாரும் எதிர்பார்க்காததால் அதற்கு இடம் வைக்கவில்லை. ஆர்மான் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் இயக்குநர் வந்து, அவரே 'உணவு மாறினார்' என்பதில் குறி போட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கல்யாணசுந்தரி நிலையத்துக்கு வந்தாள். உம்மு சல்மா சொல்லியிருந்தார்: கூடப்பிறந்தவளுக்கு வந்திருக்கிறது, கொழுப்பு கிடக்கட்டும், நீங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று.

"புது டாக்டரம்மா வந்திருக்காங்களாம். என்னைப் பார்க்கச் சொல்லுங்க" என்றாள்.

இயக்குநர் ஏட்டைப் புரட்டினார். "உங்களுக்குத்தான் வந்தாச்சேம்மா. பிப்ரவரி மாசமே பதிவாயிடுச்சு. வந்தவங்களை மறுபடி பரிசோதிக்கிறதில்லை."

"வந்தது எனக்கு இல்லீங்க. வந்தவ செத்துப்போயிட்டா. நான் உயிரோட இருக்கேன்."

"நீங்க உயிரோட இருக்கிறதுல எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். நூத்தி நாப்பது கிராம் சாப்பிட்டும் பிழைச்சவங்கன்னு தனியா எழுதப்போறேன்." பிறகு கொஞ்சம் யோசித்து, இரக்கத்தோடு சொன்னார்: "உங்களுக்கு மனசு கேட்கலைன்னா ஒண்ணு செய்யலாம். மஞ்சள் பிரிவுல உங்க தங்கச்சி இடம் காலியா இருக்கு. உங்களை அதுல போட்டுக்கறேன். அதுல இருக்கிறவங்களுக்கு வராது."

கல்யாணசுந்தரி எழுந்து படத்தின் அருகே போனாள். "இதுல எங்க நாடு எது?" என்று கேட்டாள். எந்த நாட்டைக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பொதுவாக இந்தியாவைக் காட்டினார்.

"இதுக்குள்ள என் தங்கச்சி எங்க இருக்கா?"

"எல்லாரும் இதுக்குள்ளதாம்மா."

அவள் அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். மிளகைவிடச் சின்னது. "இதுல அவளுக்கு இடம் பத்தலீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆர்மான் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பார்.

சில வருஷம் கழித்து, பெரிய தேசங்களில் நாட்டை எண்ணாமல் ஆளை ஆளாக எண்ணிப் பார்த்தவர்கள், அந்த உறவு அவ்வளவு நேரானதல்ல என்று சொன்னார்கள். அந்தச் செய்தி எங்கள் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்ததா என்று தெரியாது. நான் சொல்ல வருவது அதற்கு முன்னால், நீலாயதாட்சி இறந்த மறு மாதம் நடந்தது.

காலியான மஞ்சள் இடத்துக்குக் கோட்டுச்சேரியிலிருந்து அஞ்சுகம் என்று ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு வயது. கடிதம் போட்டு இயக்குநரே வரச்சொன்ன பெண், திடமான உடம்பு. ஆர்மான் எண்ணெய் கேட்டார், தேங்காய் கேட்டார், அப்பளம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இங்க டாக்டரம்மா பார்ப்பாங்கன்னு சொன்னாங்களே. எப்பங்க பார்ப்பாங்க? எனக்கு ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் பேர் குடுக்க வந்தேன்."

ஆர்மான் பேனாவை மூடினார். முப்பது வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக ஒரு படிவத்தைப் பாதியில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இங்க வேணாம்மா. எழுந்திரிங்க. பாண்டிச்சேரி பஸ் இப்ப வந்துரும்."

"கையெழுத்துப் போடணும்னு சொன்னீங்களே?"

"எதுலயும் போடாதீங்க. வாங்க."

அவளைப் பஸ் நிறுத்தம்வரை கூட்டிப் போனார். இப்போது பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இருந்த உம்மு சல்மாவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார, பஸ் கிளம்பும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அவர் மேஜையில் இயக்குநரின் குறிப்பாணை இருந்தது. 'கோட்டுச்சேரி அஞ்சுகம் என்னும் ஆரோக்கியமான பெண்மணியை நிலையம் இழந்தது தங்கள் கவனக்குறைவால்தான் என்று ஏன் கருதக்கூடாது? மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும்.'

ஆர்மான் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளின் அடியிலேயே, தன் அழகான பழைய கையெழுத்தில், விளக்கத்தை எழுதி உள்ளே அனுப்பினார்:

'நிலையம் ஒரு பெண்ணை இழந்தது உண்மை. என் கவனக்குறைவால்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெயர் மட்டும் தவறாக உள்ளது. நீலாயதாட்சி என்று திருத்திக்கொள்ளவும்.'